எதிர்ச் சாளரத்து மல்லிகை

உட்துறைமுகக் கரையிலிருந்து கிழக்கு நோக்கி ஏறும் ஒடுங்கிய சந்தில் ஒன்றையொன்று சற்றுச் சரிவாக நோக்கிய இரண்டு மேல்மாடி வீடுகள் உண்டு. கரைக்கு அண்மையில், இடப்பக்கத்து வீட்டில் தங்கை தர்சிகா குடியிருந்தாள். அதிலிருந்து சந்தில் பன்னிரண்டு அடி மேலேறினால், வலப்பக்கத்து வீட்டில் அக்கா தயாளினி தன் கணவர் காசிநாதருடன் இருந்தாள். தங்கை அங்கு வந்து ஓராண்டுகூட ஆகவில்லை. அவளுடைய கணவர் கட்டாரில் வேலை செய்தார். தனித்திருப்பவளுக்கு அக்காவின் பார்வைக்குள் ஒரு வீடு இருப்பது நல்லதென்று அதைத் தேடிப் பிடித்துக் கொடுத்தவள் தயாளினிதான்.

தயாளினி சைவசமயமும் தமிழும் கற்பிக்கும் ஆசிரியை. விடியுமுன் நீராடி, ஈரக் கூந்தலை முடிந்துகொண்டு, சந்தின் தலைப்பிலுள்ள அம்மன் கோயிலுக்கு ஒரு தட்டம் பூக் கொண்டுபோவதைப் பதினேழு ஆண்டுகளாக நோன்புபோல் நோற்று வந்தாள். பதிகங்கள் அவளுக்கு நெஞ்சுப்பாடம். எந்த அடியிலும் அவள் நா தடுக்கியதில்லை. ஆனால் குரல் வறண்டது. தர்சிகா கோயிலுக்கு வருவது மாதம் ஒருமுறை. வந்தால் இரண்டு பாட்டுக்கு மேல் அவளுக்கு வராது. அந்த இரண்டைப் பாடும்போது பிரகாரத்தில் கற்பூரம் ஏற்றப் போனவர்களும் நின்று திரும்பிப் பார்ப்பார்கள். ஓதி ஓதித் தேய்ந்த நாவுக்கு மறுத்ததை, ஓதாத மிடற்றுக்கு அன்னை ஏன் வார்த்தாள் என்ற கேள்வி தயாளினியின் உள்ளத்தில் நெடுநாளாகக் கிடந்தது. அதை அவள் எவரிடமும் கேட்டதில்லை. அம்மனிடம் மட்டும், அதுவும் வாய்விடாமல், பலமுறை கேட்டிருந்தாள்.

கடைப்பூ அவளுக்கு ஒப்பவில்லை. எந்த நீரில் நனைந்ததோ, யார் முகர்ந்து வைத்ததோ என்ற ஐயம் தட்டத்தோடு கூடவே கோயில்வரை வரும். மேல்மாடியில் மண் ஏது? ஆகவே தை மாதத்தில் சாளரத்துக்கு வெளியே பெட்டி வைத்துப் பூச்செடி வளர்ப்பதென்று துணிந்தாள். துறைமுக அலுவலகத்தில் முப்பது ஆண்டுகள் அளவும் எடையும் பார்த்து ஓய்வுபெற்ற காசிநாதருக்கு அது பிடித்தமான வேலையாயிற்று. சாளரத்தின் அகலம் நான்கடி. அந்த நீளத்துக்கு ஒரே பெட்டி செய்தால், நனைந்த மண்ணின் பாரம் ஓர் ஆளின் பாரத்தை மிஞ்சும் என்று கணக்குப் பார்த்தார். இரண்டடியில் இரண்டு பெட்டிகள் போதும் என்றார். ஒரு சாண் ஆழம். அடியில் ஆறு துளைகள். உப்புக்காற்றில் இரும்பு ஆறு மாதம் தாங்காது என்பதால் துருப்பிடிக்காத ஆணிகளும் துத்தநாகம் பூசிய தாங்கிகளும். பெட்டியின் அடியில் ஓட்டுத்துண்டுகள், அவற்றின்மேல் நீரைப் பிடித்துவைக்கும் தேங்காய் மட்டைத்துண்டுகள் நார்ப்பக்கம் மேலிருக்க, அதன்மேல் செம்மண்ணும் மாட்டெருவும் தென்னந் தும்புத்தூளும் கலந்த கலவை. எல்லாம் முடிந்தபோது பலகை மிஞ்சியது. மிஞ்சிய பலகையில் அவர் தர்சிகாவுக்கும் இரண்டு பெட்டிகள் செய்து கொடுத்தார். தர்சிகா அவற்றுக்குப் படகுக்காரர் பூசும் நீல வர்ணம் பூசினாள். தன் பெட்டிகளுக்கு வர்ணம் பூச வேண்டும் என்று தயாளினிக்குத் தோன்றியதே இல்லை. தோன்றாதது குறையென்று அன்றுவரை அவள் நினைத்ததுமில்லை.

செடி வாங்கச் சகோதரிகள் இருவரும் ஒன்றாகவே பஸ் ஏறிப் பாலம் கடந்து கிண்ணியாவுக்குப் போனார்கள். அங்கே ஸெய்னுதீன் என்பவர் வீதியோரத்தில் பச்சை வலைப் பந்தலின்கீழ்ப் பூக்கன்றுகள் வைத்து விற்றார். வருபவர் எவராயினும் ஒரு பூவைக் கிள்ளி மூக்கருகே நீட்டிய பிறகுதான் விலை பேசுவார். மூக்கு வாங்கிய பிறகுதான் கை வாங்க வேண்டும் என்பது அவருடைய பகிடி.

தயாளினி கண்ணால் தேர்ந்தாள். மல்லிகைக் கன்றுகள் வரிசையாக இருந்த இடத்தில் ஒரு வகை, இலை தெரியாதபடி வெண்மையாய்ப் பூத்துக் கிடந்தது. அதைப்போல் ஆறு கன்றுகள் இருந்தால் நாளுக்கு ஒரு தட்டம் குறையாது என்று மனத்துக்குள் எண்ணினாள். ஸெய்னுதீன் அதிலொரு பூவைக் கிள்ளி நீட்டினார்.

“மோந்து பாருங்க ரீச்சர்.”

தயாளினி முகத்தை அப்பால் திருப்பிக்கொண்டாள். “சாமிக்கு வைக்கிற பூ. நாங்கள் மோந்து பாக்கிறேல்ல.”

நீட்டிய கை அந்தரத்தில் நின்றது. ஏதோ சொல்ல வாயெடுத்தவர், தாம் தெரியாமல் ஒரு வழக்கத்தை மீறிவிட்டதாக நினைத்தோ என்னவோ, மன்னிப்புக் கேட்பவர்போலத் தலையசைத்துக் கன்றுகளைப் பொதிசெய்யத் தொடங்கினார். தர்சிகாவோ ஒவ்வொரு கன்றாகக் குனிந்து முகர்ந்தாள். இடையில் தும்மினாள், சிரித்தாள், மறுபடி முதலிலிருந்து முகர்ந்துகொண்டு வந்தாள். கடைசியில் மூன்றே மூன்று மொட்டுள்ள மெலிந்த கன்றுகள் இரண்டை எடுத்தாள். அவற்றோடு புதினாவும், பத்துமணிப்பூவும், கொஞ்சம் கனகாம்பரமும். கறிக்கு ஒன்று, கண்ணுக்கு ஒன்று, தலைக்கு ஒன்று என்று அவளே சொல்லிக்கொண்டாள். அம்மனுக்கு ஒன்றும் இல்லை என்பதைத் தயாளினி கவனித்து வைத்தாள்.

பங்குனியில் தயாளினியின் பெட்டிகள் வெள்ளைத் துகில் போர்த்தவைபோல் ஆயின. தட்டம் நிரம்பியது. வைகாசியில் கச்சான் காற்று எழுந்தது. தென்மேற்கிலிருந்து வரும் அந்த வறண்ட காற்று துறைமுகத்தைக் கடந்து, சந்தின் வாயால் புகுந்து, மேல்நோக்கி ஓடும். பெட்டி மண்ணை ஒரே பகலில் உலர்த்திவிடும். காலையும் மாலையும் நீர் வார்க்க வேண்டியிருந்தது. ஆனால் மாலை ஆறு மணியானதும் அதே காற்று தயாளினியின் கூடத்தை மல்லிகை மணத்தால் நிறைத்தது. மெல்லிய மணமன்று. கதவைத் திறந்து வருபவர் வாசலிலேயே ஒரு கணம் நிற்கும்படியான மணம். உடன் கற்பிக்கும் ராசமலர் ஒருநாள் வந்து, வீடு மூலஸ்தானம்போல இருக்கிறது என்றாள். தயாளினி தலைதாழ்த்தி, எல்லாம் அவள் திருவருள் என்றாள். தாழ்ந்த தலைக்குள் பெருமிதம் நிமிர்ந்தே இருந்தது. தான் வைத்த செடி, தான் வார்த்த நீர், தான் முகராது காத்த தூய்மை. அதற்குக் கிடைத்த கூலி இது என்று நம்பினாள். அந்த மணத்தின் நடுவிலேயே இருந்து அவள் மாலை தொடுத்தாள்.

இத்தனை இருந்தும் எதிர்ச்சாளரம் அவளை உறங்க விடவில்லை.

நீலப் பெட்டிகளின் விளிம்பு கடந்து பத்துமணிப்பூ செம்மையும் மஞ்சளுமாக வழிந்தது. புதினா தழைத்துத் தொங்கியது. நடுவில் மல்லிகை, எண்ணிப் பார்த்தால் முப்பது பூக்கூட இராது. எனினும் சந்தில் போவோர் தயாளினியின் வெண்மையைக் கடந்து அந்தச் சாளரத்தையே அண்ணாந்து பார்த்தார்கள். வெளியூர்ப் பெண் ஒருத்தி கைத்தொலைபேசியில் படமெடுத்தாள். காசிநாதரின் சாய்கதிரை ஒருநாள் சுவர்ப்பக்கம் இருந்தது, மறுநாள் சாளரப் பக்கம் திரும்பியிருந்தது. வெயிலுக்காகத் திருப்பியதாக அவர் சொன்னார். சொன்னது உண்மையாகவும் இருக்கலாம். இரவு உணவுக்கு முன் தர்சிகா கட்டாரிலிருக்கும் கணவருக்குத் தொலைபேசியில் பெட்டிகளைக் காட்டிச் சிரிக்கும் ஒலி சந்தின் எதிர்ப்புறத்திலிருந்து வரும். அந்த நேரத்தில் தயாளினி பதிகத்தைச் சற்று உரக்க ஓதினாள். ஓதுவது யாருக்காக என்று ஒருமுறை தனக்குள் கேட்டவள், விடையைக் கேட்க நிற்காமல் அடுத்த பாட்டுக்குப் போனாள்.

பொறாமை என்ற சொல்லை அவள் வகுப்பில் எத்தனையோ முறை விளக்கியிருக்கிறாள். தன்னிடம் இருப்பது அதுவன்று என்று உறுதியாக நம்பினாள். தான் கேட்பது நீதி. தொண்டு செய்பவளுக்கும் செய்யாதவளுக்கும் ஒரே அளவில் பொழிந்தால், பிறகு தொண்டுக்கு என்ன பொருள்?

ஆடி பிறக்கப் பத்து நாள் இருக்கையில் குருக்கள் சந்து வழியே வந்தார். அம்மன் கோயிலில் ஆடி வெள்ளிகளில் மாலைப் பூசைக்குப்பின் பள்ளியறைப் பூசை நடக்கும். அன்னை துயிலும் அந்தச் சிற்றறைக்கு மணமுள்ள பூவே சாத்துவது வழக்கம். அந்த மாலையைத் தருபவரின் பெயரும் நட்சத்திரமும் சங்கற்பத்தில் சொல்லப்படும். இந்த ஆண்டு அந்த உபயம் தன்னுடையதென்று தயாளினி வைகாசியிலேயே முடிவுசெய்திருந்தாள். குருக்களிடம் சொல்ல வேண்டியதுதான் மிச்சம். அவரோ நீலப் பெட்டிகளின்கீழ் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, மேலே சாளரத்தில் நின்ற தயாளினியைக் கண்டு, அது யாருடைய வீடு என்று கேட்டார். தங்கையுடையது என்றதும் முகம் மலர்ந்தது. ஆடி வெள்ளிக்கு அந்தப் பிள்ளையிடம் பூக் கேட்கலாமே என்றார்.

தயாளினி படியிறங்கிக் கீழே வந்தாள். தன் வீட்டு மல்லிகையைப் பற்றிச் சொன்னாள், அதன் மணத்தைப் பற்றியும் சொன்னாள். குருக்கள் மகிழ்ந்து, அப்படியென்றால் ஒரு வெள்ளி அக்காவுடையது, ஒரு வெள்ளி தங்கையுடையது என்று பங்கிட்டார்.

“அவள் பூவை மோந்து பாக்கிறவள், ஐயா.”

குருக்கள் சிரித்தார். “எல்லாப் பூவையும் மோந்து முடிக்க அவவுக்கு நேரமிருக்குமோ, ரீச்சர்? மிச்சத்தைக் கொண்டு வரட்டும்.”

அவர் போனபின்னும் தயாளினி அங்கேயே நின்றாள். ஆடி வெள்ளிகளில் பாதி போய்விட்டது. கேளாமலே, வேண்டாமலே, ஒரு தட்டம் பூவும் சுமக்காமலே தர்சிகாவுக்குப் போய்விட்டது.

தர்சிகாவின் வீட்டுக்குக் கீழே மீன்வலையும் நைலோன் கயிறும் விற்கும் கடை. கடையும் மாடியும் கலீலுர் றஹ்மான் ஹாஜியாருக்குச் சொந்தம். மறுநாள் பாடசாலை விட்டு வரும்போது தயாளினி அக்கடைக்குள் போனாள். ஹாஜியாரின் மகள் அவளிடம் தமிழ் படித்தவள். கதிரை இழுத்துப் போட்டார்கள், தேநீர் வந்தது. மேலேயுள்ள பெட்டிகளிலிருந்து நீர் ஒழுகிக் கயிற்றுச் சுருள்களில் விழுகிறது, சுவரும் ஊறிக் கெட்டுவிடும், தங்கையிடம் தான் சொன்னால் மனம் வருந்துவாள், ஆகவே வீட்டுக்காரர் என்ற முறையில் அவரே சொல்வது நல்லது என்றாள். தன் பெயர் வர வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டாள். தர்சிகா பெட்டிகளின்கீழ்த் தகரத் தட்டு வைத்திருப்பதை அவள் நாள்தோறும் கண்டவள். ஒழுகுவது தன் பெட்டிகள்தான், அவற்றின்கீழ் வெறுஞ்சுவர் மட்டுமே இருந்தது. இத்தனையும் அறிந்தே சொன்னாள். சொல்லும்போது நா தடுக்கவில்லை. தேநீரைக் கடைசி மிடறுவரை குடித்துவிட்டு எழுந்தாள்.

ஞாயிறன்று தர்சிகா வந்தாள். கையில் புதினாக் கட்டொன்று இருந்தது. அதைக் குசினியில் வைத்துவிட்டு வந்து நிலத்தில் அமர்ந்தாள்.

“ஹாஜியார் பெட்டியளை எடுக்கச் சொல்லிப்போட்டார், அக்கா. கயித்தில தண்ணி விழுதாம்.”

தயாளினி தொடுத்துக்கொண்டிருந்த மாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டாள்.

“உங்கட யன்னலுக்குக் கீழ இன்னும் ரெண்டு பெட்டிக்கு இடமிருக்கு. அத்தான் தாங்கி அடிச்சுத் தருவார். இஞ்ச வைப்பமோ? கோயிலுக்கும் உங்களுக்கு உதவும்.”

காசிநாதர் கதிரையிலிருந்து நிமிர்ந்து, அளவுகோலைத் தேட எழுந்தார். தயாளினி அவரைப் பாராமலே விடை சொன்னாள்.

“பாரம் தாங்காது.”

தங்கை அவளைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு, அப்படியென்றால் ஸெய்னுதீனுக்கே திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்று சொல்லி எழுந்து போனாள். காசிநாதர் கையில் அளவுகோலுடன் நின்றார். சுவர் தாங்கும் என்று சொன்னார். அது யாருடைய காதிலும் விழவில்லை.

செவ்வாய்க்கிழமை ஸெய்னுதீனின் சிறிய லொறி வந்தது. இரண்டு நீலப் பெட்டிகளும் கயிறு கட்டி இறக்கப்பட்டன. தயாளினி சாளரத் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தாள். பெட்டி மறைந்ததும் எதிர்ச்சுவர் வெறுமையாக, சாதாரண ஒரு சுவராக ஆயிற்று. நெஞ்சில் ஒரு முடிச்சு அவிழ்ந்ததுபோலிருந்தது. அன்று மாலை ராசமலரின் வீட்டு விசேடத்துக்குப் போய் இருட்டியபின் திரும்பியதால் வேறொன்றையும் அவள் கவனிக்கவில்லை.

புதன்கிழமை மாலை, வெள்ளிக்குத் தொடுக்க வேண்டிய பூமாலையின் நினைவோடு சாளரத்தருகே அமர்ந்தாள். கச்சான் வழமைபோலவே வீசியது. திரை புடைத்து அடங்கியது. கடலின் உப்புவாடையும், கீழ்க்கடையின் புதுக் கயிற்று வாடையும் வந்தன. வேறெதுவும் வரவில்லை. தனக்குத் தடிமன் பிடித்து மூக்கடைத்துவிட்டதோ என்று எண்ணினாள். குசினிக்குப் போய்க் கோப்பித் தூள் டப்பாவைத் திறந்து பார்த்தாள். கோப்பி மணத்தது.

“இஞ்சருங்கோ, இண்டைக்கேன் மல்லிகை மணக்கேல்ல?”

காசிநாதர் செய்தித்தாளைத் தாழ்த்தினார். “பெட்டியளைத்தான் நேற்று ஏத்திவிட்டாச்செல்லே. பிறகெங்கால வாறது?”

“எங்கட மல்லிகை இருக்குத்தானே.”

“எங்கடேல எண்டைக்கு மணம் இருந்தது, தயா?”

ஏளனத்தோடு அவர் அதைக் கேட்கவில்லை. உண்மையாகவே வியந்து கேட்டார். அது தங்கையின் பூ மணம் என்பதை மனைவி அறிவாள் என்றும், உடன்பிறந்தாளின் சீரைத் தன்னுடையதாக எண்ணி மகிழ்கிறாள் என்றும் அவர் இத்தனை நாளும் நினைத்திருந்தார்.

தயாளினி சாளரத்துக்குப் போனாள். பெட்டியின்மேல் குனிந்தாள். பதினேழு ஆண்டுகளில் முதன்முறையாக, அம்மனுக்கென்று ஒதுக்கிய பூவின்மேல் முகத்தை வைத்தாள். நனைந்த இலையின் பச்சை வாடை இருந்தது. மண் வாடை இருந்தது. மற்றொரு பூவை முகர்ந்தாள். இரண்டாவது பெட்டிக்குப் போய் அங்குள்ளவற்றையும் முகர்ந்தாள். நூற்றுக்கணக்கான வெள்ளைப் பூக்கள், நட்சத்திரங்கள்போல் அழகாக, ஒன்றும் பேசாமல் விரிந்து கிடந்தன.

அப்போது அவளுக்கு முதலில் எழுந்தது கழிவிரக்கமோ நாணமோ அன்று. சினம். தன் பெருமையைக்கூடத் தங்கை தன்னிடமிருந்து பறித்துக்கொண்டாள் என்ற சினம். இரண்டு மாதம் தன் கூடத்தில் நிறைந்த ஒன்று, தன்னுடையதென்று தான் அம்மனுக்கு நன்றி சொன்ன ஒன்று, அதுவும் அவளுடையதாகவே இருந்திருக்கிறது. நாணம் பின்னர் வந்தது. வந்தபின் அது அவளைவிட்டு எழுந்து போகவில்லை.

வியாழன் மாலை அவள் சந்தின் எதிர்ப்புறம் போய்த் தங்கையின் மாடிப்படி ஏறினாள். தர்சிகா தையல் பொறியின்முன் இருந்தாள். சாளரத்தின் வெளித்திட்டில் பெட்டிகள் இருந்த இடம் மட்டும் இரண்டு வெளிறிய நீள்சதுரங்களாகத் தெரிந்தது. இருக்கச் சொல்லியும் தயாளினி இருக்கவில்லை.

“ஹாஜியாரிட்டச் சொன்னது நான்தான்.”

“தெரியும்.”

“அவர் சொன்னவரோ?”

“அவர் சொல்லேல்ல. கயிறு எங்க நனைஞ்சிருக்கு, காட்டுங்கோ எண்டு கேட்டனான். தேடித்தேடிப் பாத்திட்டு, ரீச்சர்மார் பொய் சொல்லமாட்டினம், பிள்ளை எண்டார்.” தர்சிகா ஊசியில் நூலைக் கோத்தாள். “இந்தச் சந்தில எத்தினை ரீச்சர் இருக்கினம்?”

“தெரிஞ்சுகொண்டோ என்னட்டப் பெட்டி வைக்கக் கேட்டனி?”

“ஓம். எடுப்பீங்களோ எண்டு பாத்தனான். எடுத்திருந்தால் அண்டைக்கே மறந்திருப்பன்.”

தையல் பொறி சிறிது நேரம் ஓடி நின்றது. தயாளினி தான் சொல்ல வந்ததைச் சொன்னாள். தன் பூவுக்கு மணமில்லை என்பதை நேற்றுத்தான் அறிந்ததாகவும், இத்தனை நாளும் மணந்தது தங்கையின் மல்லிகை என்று தெரியாமல் ஊருக்கெல்லாம் தன்னுடையதென்று சொன்னதாகவும் ஒவ்வொன்றாகச் சொன்னாள். வகுப்பில் பாடம் ஒப்பிப்பவள்போல நேரே நின்று சொன்னாள். அதற்குத்தான் தர்சிகா நிமிர்ந்து பார்த்தாள்.

“எனக்கென்ன கிடைச்சதெண்டு நினைக்கிறீங்கள்? கச்சான் முழுக்க உங்கட வீட்டுக்கெல்லே கொண்டுபோனது. இந்த அறைக்குள்ள ஒரு நாள் மணந்திருக்காது, அக்கா. பூவில மூக்கைக் கொண்டுபோய் வைச்சால்தான் எனக்கு. நீங்கள் ஆக்களைக் கூப்பிட்டு என்ர வீட்டு மல்லிகை எண்டு சொல்லேக்க, இஞ்ச இருந்து எல்லாம் கேக்கும். எரிஞ்சுகொண்டுதான் இருந்தனான்.”

தயாளினி எதிரே தெரிந்த தன் சாளரத்தைப் பார்த்தாள். இங்கிருந்து பார்க்கையில் அது வெண்மை பொங்க, கோபுரத்து மாடம்போல இருந்தது. தங்கையின் கண்ணுக்கு இத்தனை நாளும் அது இவ்வாறே இருந்திருக்கும் என்று அவள் ஒருபோதும் எண்ணியதில்லை. எவளுக்குக் கிடைத்தது, எவளுக்குக் கிடைக்கவில்லை என்ற கணக்கில் தான் பெற்றுக்கொண்டிருந்ததையே பெறாததாக எழுதி வைத்திருந்தாள். வாரி வழங்கிய அம்மனிடமே நீதி கேட்டு நின்றாள்.

பெட்டிகளை மீட்டு வருவோமா என்று கேட்டாள். ஹாஜியாரிடம் தானே போய் உண்மையைச் சொல்வதாகவும் சொன்னாள்.

“அவரிட்டச் சொல்லுங்கோ, சொல்லத்தான் வேணும். பெட்டி வேண்டாம். அந்த யன்னல்ல இனி ஒண்டும் வைக்கமாட்டன்.”

அது கோபத்தில் சொன்ன சொல்லன்று. தைத்து முடித்த துணியை மடித்து வைப்பவளின் அமைதியோடு சொன்னாள். கீழே வந்து தயாளினி ஹாஜியாரிடம் உண்மையைச் சொன்னாள். அவர் தேநீர் வரவழைக்கவில்லை. கதிரையையும் இழுத்துப் போடவில்லை. சரி ரீச்சர் என்று மட்டும் சொல்லி, அளந்துகொண்டிருந்த கயிற்றைத் தொடர்ந்து அளந்தார்.

முதல் ஆடி வெள்ளி விடிந்தது. தயாளினி பாடசாலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு முதல் பஸ்ஸில் கிண்ணியாவுக்குப் போனாள். நீலப் பெட்டிகள் இரண்டும் ஸெய்னுதீனின் வீட்டு மதிலோரம் நிழலில் இருந்தன. இடம் மாறியதில் பத்துமணிப்பூ வாடியிருந்தது. மல்லிகை வாடவில்லை. அவளைக் கண்டதும் ஸெய்னுதீன் பந்தலுக்குள்ளிருந்து விரைந்து வந்தார். அன்று சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டதைத் தாமாகவே தொடங்கினார்.

“அந்தச் சாதி மல்லிகை பாக்கத்தான் அழகு, மணம் இல்லண்டு சொல்ல வந்த நான், ரீச்சர். நீங்க முகத்தத் திருப்பினதும், ஒங்கட சமய விஷயத்துல நான் என்னத்தச் சொல்றண்டு விட்டுட்டன்.”

பிழை தன்னுடையதென்று அவள் சொன்னாள். பெட்டிகளை மீட்க வரவில்லை, இன்று மாலைக்கு விரியக்கூடிய மொட்டுகள் மட்டும் வேண்டும் என்றாள். அவருடைய மனைவி அசனா வாழையிலைத் துண்டொன்றை நனைத்துக்கொண்டு வந்தாள். கோயிலுக்கென்று அறிந்ததும் கையைக் கழுவிவிட்டு வந்து, நான் பறிக்கலாமா என்று கேட்டாள். இருவரும் ஆளுக்கொரு பெட்டியில் குனிந்து பறித்தார்கள். அறுபத்து மூன்று மொட்டுகள் தேறின. ஒரு மாலைக்கு அது போதாது. அசனா தன் வேலியோரத்துச் செடியிலிருந்து இன்னும் ஒரு பிடி பறித்துச் சேர்த்தாள்.

திரும்பும் வழியில் பாலத்தின்மேல் பஸ் போகும்போது வெயில் ஏறியது. இலைப்பொதி மடியில் இருந்தது. மொட்டுகள் விரியவில்லை, எனினும் மணம் கசிந்தது. முன்னிருக்கைப் பெண் திரும்பிப் பார்த்து, நல்ல பூ, எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டாள். என் தங்கையின் செடி என்றாள் தயாளினி. அந்த மூன்று சொற்களைச் சொல்லும்போது தன் வாய்க்குள்ளிருந்து எதையோ தானே பிடுங்குவதுபோல வலித்தது. பழகினால் குறையுமோ என்று நினைத்தாள்.

மாலை ஐந்து மணிக்குத் தன் கூடத்தில் அமர்ந்து தொடுத்தாள். தொடுத்து முடித்த மாலை ஒரு முழத்துக்குச் சற்றுக் கூட இருந்தது. எதிர்ச்சாளரம் திறந்திருந்தது. தையல் பொறியின் ஒலி விட்டுவிட்டு வந்தது. வருகிறாயா என்று கூப்பிட வேண்டும் என்று இருமுறை எழுந்தாள். இருமுறையும் இருந்தாள். கூப்பிட்டால் தங்கை வருவாள். வந்தால் பாடுவாள். அதைத் தாங்கும் வலிமை இன்று தனக்கு இல்லை என்பதை அவள் மறைக்காமல் தனக்குள் ஒப்புக்கொண்டாள்.

கோயிலில் கூட்டம் இருந்தது. குருக்கள் தட்டத்தை வாங்கி மாலையை எடுத்தார். எடுத்த கை ஒரு கணம் தாமதித்தது. மொட்டுகள் அப்போதுதான் வாய்விட்டிருந்தன. பள்ளியறை வாசலில் நின்று அவர் கேட்டார்.

“பேர், நட்சத்திரம்?”

“தர்சிகா. பூரட்டாதி.”

குருக்கள் நிமிர்ந்தார். “உங்கட பேரையும் சேர்க்கட்டோ?”

பின்னால் நின்றவர்கள் நெருங்கினார்கள். மணி அடிப்பவர் கயிற்றைப் பிடித்தபடி காத்திருந்தார். இந்த ஒரு வினாவுக்காகவே வைகாசியிலிருந்து அவள் வாழ்ந்திருந்தாள். சேர்த்தால் எவர் குறை சொல்வார்? கொண்டுவந்தவள் அவள்தானே. தொடுத்தவளும் அவள்தான்.

“வேண்டாம், ஐயா. பூ அவவின்ர.”

குருக்கள் உள்ளே போனார். சங்கற்பம் தொடங்கியது. ஊரின் பெயர், ஆண்டின் பெயர், திங்களின் பெயர் என்று ஒழுகி வந்த அந்த வாய்ப்பாட்டின் நடுவே தங்கையின் பெயர், அதற்கென்றே வார்த்த அச்சில் பொருந்துவதுபோலப் போய்ப் பொருந்தியது. அது காதில் விழுந்த கணத்தில் நெஞ்சில் அந்தப் பழைய குத்து, ஒரு சிறிதும் மழுங்காமல், எழுந்தது. பெயரை விட்டுக்கொடுத்தால் அது தணியும் என்று பஸ்ஸில் வரும்போது எண்ணியிருந்தாள். தணியவில்லை. தணிக்கும்படி அம்மனிடம் கேட்கவும் அவளுக்கு வாய் வரவில்லை. கேட்டுக் கேட்டுத்தானே இவ்வளவு தூரம் வந்தாள்.

மணி ஒலித்தது. பள்ளியறைத் திரை விலகியது. எல்லாரும் கைகளை உச்சிமேல் கூப்பினார்கள், அவளும் கூப்பினாள். கிண்ணியாவுக்குப் போய்வர இன்னும் மூன்று வெள்ளிகள் இருந்தன.